சென்னை – சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேள்வி இதுதான்: சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒரு இணையதளம் 2,908 கி.மீ. என்கிறது, இன்னொன்று 2,925 என்கிறது, மூன்றாவது 1,579 என்று போட்டிருக்கிறது. டிக்கெட்டில் இரவு 11.30-க்குப் புறப்பாடு, காலை 6.20-க்கு வருகை, கழித்துப் பார்த்தால் 6 மணி 50 நிமிடம். திரும்பி வரும் டிக்கெட்டில் இரவு 8.00-க்குக் கிளம்பி 9.50-க்கு இறங்குகிறது, அதாவது 1 மணி 50 நிமிடம். பயண நேரம் 4 மணி 20 நிமிடம் என்றும் அதே டிக்கெட்டில் இருக்கிறது. இதில் எது சரி?

எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் தூரம். நகரத்திலிருந்து நகரத்துக்கு, அதாவது சென்னை சென்ட்ரல் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் ஆற்றுமுகம் வரை அளந்தால் ஏறத்தாழ 2,908 கி.மீ. வரும். ஆனால் விமானம் சென்ட்ரலிலிருந்து கிளம்புவதில்லை. மீனம்பாக்கம் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. சிங்கப்பூரின் விமான நிலையமான சாங்கி, தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கூடி, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 2,925 கி.மீ. ஆகிறது. அதையே தரை மைலில் சொன்னால் 1,817. கடல் மைலில் சொன்னால் 1,579. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ. வெறுமனே ‘மைல்’ என்று போட்டிருக்கும் தளத்தைக் கண்டால் இது எந்த மைல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் குழப்பியதால் வரும் பிழை 15 சதவீதம். சரிபார்க்க வேண்டுமானால் கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மீனம்பாக்கம் ஓடுபாதையில் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, சாங்கி ஓடுபாதையில் ஒரு கிளிக் செய்தால் போதும்.

இந்தத் தூரம் பூமியின் வளைவின் மேல் போகும் மிகக் குறுகிய பாதை. பெருவட்டப் பாதை என்பார்கள். ‘தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் தப்பு, விமானம் வளைந்துதான் போகும்’ என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். லண்டன்–நியூயார்க் போன்ற வடக்கத்திப் பாதைகளுக்கு அது உண்மை. சென்னை–சிங்கப்பூருக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தவே பொருந்தாது. இரண்டும் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்கள் என்பதால், வழக்கமான மெர்கேட்டர் வரைபடத்தில் போடும் நேர்கோட்டுக்கும் பெருவட்டப் பாதைக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமாகவே ஒரு கிலோமீட்டர் அளவுதான். சுவரில் மாட்டிய வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தாலே பாதை தெரிந்துவிடும்.

அப்படி வைத்துப் பார்த்தால் ஒரு அழகு தெரியும். கோடு மீனம்பாக்கத்திலிருந்து கிழக்குக்குச் சற்றுத் தெற்கே சாய்ந்து வங்காள விரிகுடாவைக் குறுக்காக வெட்டுகிறது. வழியில் முதலில் எதிர்ப்படும் நிலம் கிரேட் நிக்கோபார். அதன் தென்முனையான இந்திரா முனைக்குச் சுமார் 20 கி.மீ. தெற்கே கோடு கடக்கிறது. அடுத்து சுமத்ராவின் வடக்கு நுனி, சபாங் துறைமுகம் இருக்கும் வே தீவு. அங்கிருந்து சுமத்ராவின் வடகிழக்கு ஓரத்தைத் தொட்டு, மலாக்கா நீரிணையைக் கடந்து, மலேசியத் தீபகற்பத்தின் தென்பகுதி மேலாகச் சிங்கப்பூர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு சேர்த்து வரும் மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கப்பல் வழியும் இன்றைய விமான வழியும் ஒரே இடங்களைத் தொடுவதில் அதிசயம் இல்லை. மேற்கிலிருந்து நீரிணைக்குள் நுழைய முக்கிய வாசல் இதுதான். பின்னாளில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்வந்த ‘ராஜுலா’ கப்பலும் இதே கடலில்தான் ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களையும் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். சாங்கிக்கு திருச்சியிலிருந்து 2,981 கி.மீ., மதுரையிலிருந்து 3,014, கோவையிலிருந்து 3,163. திருச்சி சென்னைக்குத் தெற்கே இருக்கிறது, சிங்கப்பூரும் தெற்கே இருக்கிறது, அப்படியானால் திருச்சிதானே பக்கம் என்று தோன்றும். ஆனால் சிங்கப்பூர் தெற்கே இருப்பதைவிடக் கிழக்கே இருப்பதுதான் அதிகம். திருச்சி சென்னையைவிடச் சுமார் 160 கி.மீ. மேற்கே தள்ளி இருப்பதால், தெற்கே இறங்கியதில் கிடைத்த லாபத்தை மேற்கே நகர்ந்ததில் இழந்துவிடுகிறது. ஆனாலும் 56 கி.மீ. என்பது வானத்தில் நான்கு நிமிடம். அதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தஞ்சாவூர்க்காரர் சென்னைக்கு வந்து ஏறுவதில் செலவாவது நான்கு நிமிடம் அல்ல, ஒரு இரவு.

இனி நேரம். இங்கேதான் உண்மையான குழப்பம்.

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம், சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நேரம். ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. வருகை நேரமும் அப்படித்தான்: தரை தொட்டது அல்ல, கேட்டில் நிறுத்திக் கட்டை வைத்தது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதை பிளாக் டைம் என்பார்கள். டிக்கெட்டின் 4 மணி 20 நிமிடம் இதுதான். விமானத்தைப் பின்தொடரும் செயலிகளில் நீங்கள் பார்க்கும் 3 மணி 50 நிமிடம் எழும்பியதிலிருந்து இறங்கியது வரை. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ‘விமானம் அரை மணி முன்னாடியே போயிடுச்சு’ என்று சொல்வது வழக்கம். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஒரு ஏ320 ரக விமானத்தை வைத்து 4 மணி 20 நிமிடத்தைப் பிரித்துப் பார்க்கலாம். பின்னுக்குத் தள்ளி, இன்ஜினை முடுக்கி, ஓடுபாதை வரை ஊர்ந்து போக 17 நிமிடம். எழும்பி 35,000 அடி உயரத்துக்கு ஏற 25 நிமிடம். அதற்குள் 270 கி.மீ. கடந்திருக்கும். இறங்கத் தொடங்கியதிலிருந்து தரை தொட 30 நிமிடம், அதில் ஒரு 250 கி.மீ. விமானங்கள் தேவைக்குக் கொஞ்சம் வளைந்து, வான்பாதைப் புள்ளிகளைத் தொட்டுப் போவதால் 2,925 என்பது நடைமுறையில் 3,020 அளவு ஆகும் என்று வைத்துக்கொண்டால், சமநிலையில் பறக்க மீதமிருப்பது 2,500 கி.மீ. ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு, அதாவது மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் அதற்கு 2 மணி 59 நிமிடம். சாங்கியில் இறங்கிய பின் கேட்டுக்குப் போக 9 நிமிடம். கூட்டுங்கள்: 17, 25, 179, 30, 9. மொத்தம் 260 நிமிடம், சரியாக 4 மணி 20 நிமிடம்.

போயிங் 787, ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 0.85 பங்கில், மணிக்கு 905 கி.மீ. அளவில் பறக்கும். அதே 2,500 கி.மீ.க்கு 2 மணி 46 நிமிடம். லாபம் 13 நிமிடம். அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். பெரிய விமானத்தில் காசு கூடுதலாகக் கொடுப்பது வேகத்துக்காக என்றால் அது நஷ்டம். காலை நீட்டி உட்காருவதற்காக என்றால் வேறு கணக்கு.

இறங்கத் தொடங்கும் இடத்தை நீங்களே கணக்கிடலாம். உயரத்தை ஆயிரம் அடிகளில் எடுத்து மூன்றால் பெருக்கினால் அத்தனை கடல் மைல் முன்னாலேயே இறங்கத் தொடங்க வேண்டும். 35,000 அடி என்றால் 105 கடல் மைல், ஏறத்தாழ 195 கி.மீ. அதற்கு மேல் வேகத்தைக் குறைக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்துக்கு மேல் போக விடமாட்டார்கள். மணிக்கு 463 கி.மீ. தூரத்தைச் சமநிலை வேகத்தால் வகுத்துவிட்டு நேரம் கிடைத்துவிட்டது என்று நினைக்கும் இணையக் கணக்கிகள் தவறுவது இங்கேதான். 2,925-ஐ 900-ஆல் வகுத்தால் 3 மணி 15 நிமிடம் வரும். அந்த நேரத்தில் எந்தப் பயணியும் சாங்கியில் இறங்கியதில்லை.

கையிலேயே வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். சென்னை–சிங்கப்பூர் 3 மணி 39 நிமிடம், அதோடு 40 சேர்த்து 4 மணி 19. சென்னை–டெல்லி 1,760 கி.மீ.; 2 மணி 52 வருகிறது, கால அட்டவணையும் அதை ஒட்டியே இருக்கும். சென்னை–கொழும்பு 647 கி.மீ.; 1 மணி 29. கோவை–சிங்கப்பூர் 4 மணி 37. ஐயாயிரம் கி.மீ.க்கு மேற்பட்ட பாதைகளுக்கு இது செல்லாது. அங்கே வேகமான விமானம், பலமான காற்று, மூடிக்கிடக்கும் வான்வெளி என்று வேறு விஷயங்கள் வந்துவிடும்.

காற்று என்றதும் ஒரு பழைய பாடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம்’ என்பது பொது விதி போலச் சொல்லப்படுகிறது. அதற்குக் காரணம் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது அந்தக் காற்றின் தயவில்தான். தூரம் 5,540 கி.மீ. ஆனால் அந்த மேலைக் காற்று சென்னைக்கு வெகு வடக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில்கூட வட இந்தியா, வளைகுடா நாடுகளின் மேல்தான் அதன் ஆட்சி.

நம் தலைக்கு மேல் ஓடுவது வேறொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று தரையில் மேற்கிலிருந்து வீசும்போது, அதற்கு நேர் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலமான காற்று ஓடும். கீழை ஜெட் காற்றோட்டம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1958-இல் இதை விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். அது மிகப் பலமாக ஓடும் பட்டை தென்னிந்தியாவின் மேலேயே இருக்கிறது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு எதிர்க்காற்று, சென்னைக்கு வருகிறவர்களுக்குப் பின்காற்று. பொது விதிக்கு நேர் தலைகீழ்.

எவ்வளவு மாறும்? வழியெங்கும் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்தால் 2,500 கி.மீ.க்கு 2 மணி 59 என்பது 3 மணி 12 ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 2 மணி 47. போகும்போது 13 நிமிடம் நஷ்டம், வரும்போது 12 நிமிடம் லாபம். கூட்டிப் பார்த்தால் எப்போதும் நஷ்டம்தான் ஒரு சொட்டு அதிகம், ஏனென்றால் எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். டிசம்பர், ஜனவரியில் இந்த வழியில் மேல்காற்று லேசானது. போக வர நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

ஒப்பிட ஓர் அருமையான ஜோடி இருக்கிறது. சென்னை–துபாய் 2,933 கி.மீ. சிங்கப்பூரை விட எட்டே கிலோமீட்டர் அதிகம். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. தூரம் ஒன்று, விமானமும் ஒன்று. ஆனால் துபாய் வழியில் வடக்கத்தி மேலைக் காற்றின் பிடி இருப்பதால், துபாய்க்குப் போவதைவிட அங்கிருந்து வருவது கால் மணியிலிருந்து அரை மணி வரை சீக்கிரமாக இருக்கும். தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடைக்காது.

இன்னொரு சாட்சி கோலாலம்பூர். சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,629 கி.மீ., அங்கிருந்து சாங்கி 297 கி.மீ. கூட்டினால் 2,926. நேர் வழியைவிட ஒரு கிலோமீட்டர்தான் கூடுதல். விமான நிலையம் கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மாறி ஏறினால் நான்கரை மணிப் பயணம் ஏழு, எட்டு மணி நேரம் ஆகிவிடும். ஒருமுறை இறங்கி ஏறுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகும், இடையில் காத்திருப்பு வேறு. கொழும்பு வழி என்றால் 647-உம் 2,749-உம் சேர்ந்து 3,396 கி.மீ.; 16 சதவீதம் சுற்று. டிக்கெட் விலையில் நல்ல மிச்சம் இருந்தால் மட்டுமே இவற்றைப் பாருங்கள். மாறி ஏறும்போது இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானம் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்த 6 மணி 50 நிமிடத்துக்கும் 1 மணி 50 நிமிடத்துக்கும் வருவோம். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரம். இந்தியா கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். வித்தியாசம் இரண்டரை மணி. இரவு 11.30-க்குக் கிளம்பி 4.20 சேர்த்தால் இந்திய நேரம் அதிகாலை 3.50, அதோடு 2.30 கூட்டினால் சிங்கப்பூரில் 6.20. திரும்பும்போது சிங்கப்பூர் இரவு 8.00, 4.20 சேர்த்து 12.20, இரண்டரையைக் கழித்தால் சென்னையில் 9.50. நேர வித்தியாசமே தெரியாமல் பயண நேரம் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: போக வர இரண்டு டிக்கெட்டின் கழித்த விடைகளையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுங்கள். 6.50-உம் 1.50-உம் சேர்ந்து 8.40, பாதி 4.20. ஒரு பக்கம் கூடியதும் மறுபக்கம் குறைந்ததும் அடிபட்டுப் போகும். எந்த இரண்டு ஊருக்கும் இது பொருந்தும், கிடைப்பது சராசரி என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அந்த இரண்டரை மணி முழுவதும் சூரியன் கொடுத்தது அல்ல. தீர்க்கரேகை வித்தியாசம் இருபத்து மூன்றரை பாகைக்குச் சற்று அதிகம், பாகைக்கு நான்கு நிமிடம். ஆக உண்மையான சூரிய வித்தியாசம் 1 மணி 34 நிமிடம்தான். மீதி ஏறத்தாழ 56 நிமிடம் சட்டம் கொடுத்தது. சிங்கப்பூர் தன் கடிகாரத்தைப் பிலிப்பைன்ஸை ஒட்டிய தீர்க்கரேகைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே விடிகிறது; 6.20-க்கு கேட்டுக்கு வந்தால் ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். 1982 ஜனவரி 1 வரை சிங்கப்பூர் ஏழரை மணிக் கணக்கில் இருந்தது, அப்போது நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். பழைய ஆட்கள் ‘ரெண்டு மணி நேரம்’ என்று சொன்னால் அது மறதி அல்ல. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இரவு விமானத்தில் தூங்கிப் போய்விடலாம் என்று திட்டமிடுகிறவர்களுக்கு: 11.30 விமானம் எழும்புவது 11.47. சீட் பெல்ட் விளக்கு அணைந்து, சாப்பாட்டு வண்டி வந்து, தட்டை எடுத்துக்கொண்டு போக மணி ஒன்றாகிவிடும். இந்திய நேரம் 3.10-க்கு இறங்கத் தொடங்கும். அதற்குச் சற்று முன்பே விளக்கைப் போட்டு ஜன்னல் மறைப்பைத் தூக்கச் சொல்வார்கள். ஆக 4 மணி 20 நிமிடப் பயணத்தில் தூக்கம் இரண்டு மணி நேரம். இறங்கிய அன்றே காலையில் நேர்முகத் தேர்வோ கூட்டமோ இருந்தால் பகல் விமானத்தில் முந்தின நாளே போய்விடுவது நல்லது. மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், கடைசியாக எடுத்ததிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கால அட்டவணையில் விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே போடும். 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரம் என்பது துறையின் வழக்கம். அதற்குத் தோதாக ஒரு சிறு மிச்சம் வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்கு இறங்கும் அதிசயங்கள் நடக்கின்றன. இதே பாதைக்கு ஒரு நிறுவனம் 4.10 என்றும் இன்னொன்று 4.35 என்றும் போட்டிருந்தால், இரண்டாவதன் விமானம் மெதுவாகப் போகிறது என்று பொருள் அல்ல.

உண்மையில் தாமதம் எங்கே வரும்? ஓடுபாதையின் திசையிலேயே சில நிமிடம் போகும். சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. கிழக்குக் காற்று வீசும் நாளில் கடலைப் பார்த்து எழும்பி அப்படியே போய்விடலாம். மேற்குக் காற்று என்றால் மேற்குப் பக்கமாக எழும்பித் திரும்பி வர வேண்டும். பெரிய தொந்தரவு சிங்கப்பூர் முனையில்தான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா புயல்வரிசை என்று ஒன்று வரும். சுமத்ராவின் மேலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் இடிமழை வரிசை கிழக்கே நகர்ந்து விடியற்காலையில் சிங்கப்பூரைத் தாக்கும். சென்னையிலிருந்து போகும் இரவு விமானங்கள் இறங்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான். அது கடந்து போகும் வரை வானில் வட்டமடிக்க வைப்பார்கள். 20, 30 நிமிடம் போகலாம். கடைசிக் கையிருப்பாக 30 நிமிடப் பறப்புக்கான எரிபொருள் எப்போதும் தொடாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பே முடிவெடுத்து இந்தோனேசியாவின் பாத்தாம், மலேசியாவில் ஜொகூரின் செனாய், கோலாலம்பூர் போன்ற மாற்று நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே எரிபொருள் நிரப்பித் திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும்.

சென்னை முனையில் இரண்டு காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. இன்னொன்று போகி. அன்று விடியற்காலையில் பழையதை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. காலை எட்டரை, ஒன்பது வரை வருகைகள் தடுமாறும். போகி அன்று காலை சென்னையில் இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள்.

வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்குப் போட்டால் விமான நேரம் பாதிகூட இல்லை. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னால் போகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். வேளச்சேரியிலிருந்து இரவு 7.45-க்குக் கிளம்புகிறவர், சாங்கியில் குடிநுழைவு (இமிகிரேஷன்) முடித்து, பெட்டி எடுத்து, எம்ஆர்டி ரயிலில் எக்ஸ்போ போய் டவுன்டவுன் லைனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது அங்கே மணி எட்டு, எட்டேகால் ஆகும். பத்து மணி நேரம். குடிநுழைவு வரிசை சுருங்க வேண்டுமானால் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இறங்கும் நாள் உட்பட மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூர் அரசின் குடிநுழைவுத் துறைத் தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி, அல்லது இடைத்தரகர்.

கடைசியாக, நேரத்தைவிட அதிகம் பேரைத் தவறவைப்பது தேதி. டிக்கெட்டில் ‘15-ஆம் தேதி 00:40’ என்று இருந்தால் அது 14-ஆம் தேதி இரவு தூங்காமல் போய் ஏற வேண்டிய விமானம். 15-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்குப் பெட்டியோடு கவுன்டரில் நின்றால் விமானம் போய் ஏறத்தாழ 21 மணி நேரம் ஆகியிருக்கும். அதே டிக்கெட் சிங்கப்பூரில் இறங்குவது 15-ஆம் தேதி காலை 7.30. அழைத்துப்போக வருகிறவரிடம் ‘நான் 14-ந்தேதி ராத்திரி கிளம்பறேன்’ என்று மட்டும் சொல்லாமல், இறங்கும் தேதி, சிங்கப்பூர் நேரம், விமான எண் மூன்றையும் எழுதி அனுப்பிவிடுங்கள்.